பதினான்காம் அறையின் விரிப்பு

ஸ்ரீவில்லிபுத்தூர் என்று விலாசம் போட்ட தந்தி ஒன்றை ராஜபாளையத்தில் என் கையில் கொடுத்தார்கள். ஏழு வாரம் பழையது. உறை பிரிக்கப்படவில்லை.

கொடுத்தவர் சந்திரவிலாஸ் லாட்ஜின் கவுண்டர் கிளார்க் வைகுண்டராஜ். “எங்க சார் போயிட்டிய இம்புட்டு நாளா? ஒங்களுக்கு ஒரு தந்தி வந்து பொந்துல கெடக்கு” என்றார். சாவிகள் தொங்கும் பலகைக்குக் கீழே, அறைக்கு ஒன்றாக மரப் பொந்துகள் உண்டு. பதினான்காம் பொந்திலிருந்து அதை எடுத்து நீட்டினார். உறையின் மேல் சேக் முகைதீன், ரூம் 14, சந்திரவிலாஸ் லாட்ஜ், ஸ்ரீவில்லிபுத்தூர் என்று நாலு வரியும் சுத்தமாக இருந்தன.

உள்ளே என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். தெரியாதது ஒன்றுதான். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அனுப்பிய தந்தி பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி இங்கே எப்படி வந்தது?

“யாரு கொண்டாந்து குடுத்தா?”

“தெரியல சார். நான் ஷிப்டு மாறி வந்தப்பவே இருந்துச்சு. ரூம் பதினாலுன்னா நீங்கதான, வருவியன்னு வச்சிருந்தேன்.”

இது 1986 அக்டோபரில் நடந்தது. ஆகஸ்ட் மாதம் ஒரு புதன்கிழமை, கடையநல்லூரில் என் மகள் மாஜிதா மூளைக் காய்ச்சலில் இறந்துபோனாள். ஏழு வயது. எங்களில் மையத்தை, இறந்த உடலை, வைத்துக்கொண்டு காத்திருக்கும் வழக்கம் கிடையாது. நடுப்பகல் லுஹர் தொழுகைக்கே அடக்கியிருக்க வேண்டியது. தகப்பன் வரட்டும் என்று மாலை அஸர் தொழுகை வரைக்கும் வைத்திருந்தார்கள். நான் வரவில்லை. அன்று நான் ஸ்ரீவில்லிபுத்தூர் லாட்ஜில் தங்கி, கிருஷ்ணன்கோவில் பக்கம் ஒரு மில்லில் வேலை செய்துகொண்டிருந்தேன். பஸ் ஏறினால் இரண்டரை மணி நேரத்தில் வீடு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வழக்கம்போலப் போய் இறங்கினேன். சட்டைப்பையில் அவளுக்காக லாட்ஜ் சோப்பு இரண்டு இருந்தது.

நான் கோயம்புத்தூர் கம்பெனி ஒன்றின் ஆள். நூற்பாலைகளில் ரிங் பிரேம் என்று ஒரு நீளமான இயந்திரம் உண்டு. நானூறு கதிர்கள் வரிசையாகச் சுற்றி நூல் நூற்கும். அதைப் பூட்டிக் கொடுப்பதும் பழுது பார்ப்பதும் என் வேலை. மாதத்தில் இருபது நாள் வெளியூர். சந்திரவிலாஸுக்கு விருதுநகர், ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், கோவில்பட்டி, தென்காசி என்று ஐந்து கிளைகள். கம்பெனிக்கும் அவர்களுக்கும் ஏற்பாடு என்பதால் ஐந்திலும் நான் தங்குவேன்.

அந்த முதலாளி கெட்டிக்காரர். ஒரே வரைபடத்தை வைத்து ஐந்து ஊரிலும் கட்டியிருந்தார். ஒரே கட்டில், ஒரே மேஜை, தண்ணீர்ச் செம்பை வைக்க ஜன்னலடியில் ஒரே மாதிரிக் குழி. சுவரில் இடுப்பளவு பச்சை, அதற்கு மேல் வெள்ளை. விருதுநகரில் கண்ணை மூடிக்கொண்டு நடக்கப் பழகியவன் கோவில்பட்டியிலும் எதிலும் இடிக்காமல் நடக்கலாம். அடிக்கடி வருகிறவர்களுக்கு எல்லா ஊரிலும் ஒரே நம்பர் அறை கொடுப்பார்கள். எனக்குப் பதினாலு. தலையணைமேல் தீப்பெட்டி அளவில் ஒரு சோப்பு வைப்பார்கள். நான் அதைப் பிரிக்காமல் ஊருக்குக் கொண்டுபோவேன். மாஜிதா அவற்றை ஜன்னல் கட்டையில் வரிசையாக நிறுத்தி வைத்து, வாப்பா எத்தனை தடவை ஊருக்குப் போனார் என்று எண்ணுவாள்.

ஐந்து ஊரிலும் மாறுவது திசை மட்டும்தான். மனை எப்படி அமைந்ததோ அப்படி. ராஜபாளையத்தில் பதினாலாம் அறைக் கதவு கிழக்கே, ஜன்னல் மேற்கே. ஸ்ரீவில்லிபுத்தூரில் அது அப்படியே திரும்பி, கதவு மேற்கே. மற்றவர்களுக்கு இது கண்ணிலேயே படாது. எனக்குத் தொழ மேற்கு வேண்டும் என்பதால் தெரியும். கட்டிலில் இரண்டு வெள்ளை விரிப்பு இருக்கும். போர்த்துவதற்கு உள்ளதை எடுத்துத் தரையில் விரித்துத் தொழுவேன். ராஜபாளையத்தில் ஜன்னலடியில், ஸ்ரீவில்லிபுத்தூரில் கதவடியில்.

தந்தியைப் பிரிக்காமலே பையில் வைத்துக்கொண்டு அந்த வாரம் வீட்டுக்குப் போனேன். இயந்திரத்தில் உடைந்த பாகத்தைத் துடைக்காமல் அப்படியே எடுத்து வைப்போம். அதில்தான் காரணம் இருக்கும். அந்தப் பழக்கம்.

என் மனைவி நூர்னிசா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். மாஜிதா போன நாளிலிருந்து அவள் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி. “தந்தி வந்துச்சா வரலையா, அத மட்டும் சொல்லுங்க.” வரவில்லை என்று நான் சொல்லும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். தந்தி கொடுத்தது அவளுடைய அண்ணன் பிச்சை முகம்மது. காலை எட்டு மணிக்குத் தபாலாபீஸ் திறந்ததும் முதல் ஆளாகக் கொடுத்த ரசீது அவரிடம் இருந்தது.

உறையை அவள் முன்னால் வைத்தேன். “இந்தா பாரு. பிரிக்கக்கூட இல்ல. ராஜபாளையத்துல கெடந்துச்சு.”

முறத்தைக் கீழே வைத்துவிட்டு உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஆங்கிலம் தெரியாது, ஆனாலும் பார்த்தாள்.

“எந்த ஊருன்னு போட்டிருக்கு?”

“ஸ்ரீவில்லிபுத்தூரு.”

“நீங்க எந்த ஊர்ல இருந்திய?”

“ஸ்ரீவில்லிபுத்தூர்லதான்.”

“அப்பொறம் எப்படி ராஜபாளையத்துல கெடக்கும்? தந்திக்குக் காலு மொளச்சுச்சா?” உறையை என் பக்கம் தள்ளினாள். “பிரிச்சுப் படிச்சிட்டு பசை போட்டு ஒட்டக்கூடத் தெரியாதாக்கும் ஒங்களுக்கு. எம்புட்டு மிசின பூட்டுறிய. வியாழக்கெழம அந்த மில்லுல மிசின ஓட்டிக் காட்டணும்னு சொல்லிட்டுத்தான போனிய. ஓட்டிக் காட்டியாச்சுல்ல?”

ஓட்டிக் காட்டியிருந்தேன். 

அன்றைக்குப் பிறகு தந்தியைப் பற்றி அவள் பேசவில்லை. சோறு போட்டாள், துணி துவைத்தாள், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொன்னாள். ஜன்னல் கட்டையில் சோப்புகள் நின்றன. நான் கொண்டுவந்த கடைசி இரண்டை அந்த வரிசையில் வைக்கவும் முடியவில்லை, உபயோகிக்கவும் முடியவில்லை. பையிலேயே கிடந்து வாசம் போயிற்று.

தந்தி எப்படி வரும் என்பதை நான் படிப்படியாக விசாரித்தேன். கடையநல்லூரிலிருந்து கம்பி வழியாக டக் டக் என்று தட்டுவார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆபீஸில் அதைக் கேட்டு எழுதி, உறையில் போட்டு ஒட்டி, சைக்கிள் ஆளிடம் கொடுப்பார்கள். வாங்குகிறவர் ஒரு சீட்டில் நேரம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தச் சீட்டை ஆபீஸில் பத்திரப்படுத்துவார்கள். கெஞ்சிக் கேட்டதில் எனக்குக் காட்டினார்கள். புதன்கிழமை, ஒன்பது நாற்பது, ஞானராஜ்.

ஞானராஜ் ஸ்ரீவில்லிபுத்தூர் கிளையின் மேனேஜர். அவரிடம் போனேன்.

“ஆமா சார், நான்தான் வாங்குனேன்” என்றார். “பலகையில ஒங்க சாவி இல்ல. சாவி இல்லேன்னா ஆளு ரூம்ல இருக்குன்னு அர்த்தம். மேல வந்து கதவத் தட்டுனேன். தொறக்கல. குளிக்கிறீங்கன்னு நெனச்சு கதவுக்கு அடியில தள்ளிவிட்டுட்டு வந்துட்டேன்.”

சாவி இல்லாதது என் தவறு. வெளியே போகும்போது சாவியைக் கவுண்டரில் கொடுக்க வேண்டும். காலை ஏழரைக்குக் கவுண்டரில் ஆள் இருக்க மாட்டார். நான் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போய்விடுவேன். ஆனால் அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு நான் கதவைத் திறந்தபோது தரையில் ஒன்றும் இல்லை. கட்டிலில் புது விரிப்புப் போட்டிருந்தார்கள். பொழுது சாய்ந்ததும் அதில் ஒன்றை உருவி, கீழே போட்டு மக்ரிப் தொழுதேன். தரையில் ஒரு காகிதம் கிடந்திருந்தால் என் நெற்றிக்குக் கீழே கிடந்திருக்கும்.

“கீழ ஒண்ணும் இல்லையே, ஞானராஜ்.”

“தள்ளுனேன் சார். வேதத்து மேல சத்தியமாச் சொல்லுதேன்.”

நான் நம்பவில்லை. எங்கேயோ வைத்து மறந்துவிட்டு, பிறகு ராஜபாளையத்துக்கு யாரிடமோ கொடுத்து அனுப்பிவிட்டுப் பொய் சொல்கிறார் என்று நினைத்தேன். நூர்னிசா என்னைப் பார்த்த பார்வையை நான் அப்படியே அவர்மேல் திருப்பினேன். அதற்கப்புறம் அந்த லாட்ஜுக்குப் போனாலும் அவரோடு பேசுவதில்லை. சாவியை அவர் நீட்டுவார், நான் வாங்குவேன். வணக்கம் சொல்வார், நான் மாடிப்படியைப் பார்ப்பேன். இப்படி இரண்டு வருஷம்.

ரிங் பிரேமில் நூல் அறுந்தால், அறுந்த முனையை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. அது எந்தெந்த இடத்தைத் தொட்டுக்கொண்டு வந்தது என்று ஒவ்வொன்றாகப் பின்னால் போக வேண்டும். புதிதாக வருகிற பிட்டர்களுக்கு நான் சொல்கிற முதல் பாடம் இது. என் விஷயத்தில் அந்தப் பாதையில் ஒரே ஓர் இடத்தை நான் பார்த்திருக்கவில்லை. பதினாலாம் அறையைப் பகல் பத்து மணிக்கு நான் பார்த்ததே கிடையாது. அந்த அறையில் ஒன்பது வருஷமாகத் தங்குகிறேன்; காலை ஏழரைக்கும் மாலை ஆறுக்கும் நடுவே அங்கே என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஊர் ஊராகத் தங்குகிறவன் தன் அறையை வெளிச்சத்தில் பார்ப்பதில்லை.

1988இல் ஒரு புதன்கிழமை கரண்டு இல்லை என்று மில்லில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் அறைக்குத் திரும்பி நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். காலையில் தொழுத விரிப்பு கதவடியில் அப்படியே கிடந்தது. பத்து மணிக்குத் தட்டாமலே கதவு திறந்தது. அறைகளைக் கூட்டுகிற சுடலையம்மாள், கையில் எல்லா அறைக்கும் பொதுவான சாவியோடு உள்ளே வந்தார்.

“அய்யோ, ஆளு இருக்கியளா. ஒங்களப் பகல்ல பாத்ததே இல்லயே. புதன்கெழம விரிப்பு மாத்தணும், செத்த அந்தப் பக்கமா இருங்க.”

கட்டில் விரிப்பை உருவினார். பிறகு கதவடியில் கிடந்த விரிப்பின் நாலு மூலையையும், குனிந்த வாக்கில், பார்க்காமலே, ஒன்றாகச் சேர்த்துத் தூக்கினார். மற்ற விரிப்பு, துண்டு, தலையணை உறை எல்லாம் அதற்குள் போயின. முடிச்சுப் போட்டு, ‘14’ என்று எழுதிய தகர வில்லை ஒன்றை முடிச்சில் மாட்டினார். மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை.

நாற்காலியை விட்டு எழுந்தேன்.

“இது எங்க போகுது?”

“சலவைக்கு. பதினோரு மணிக்கு வேன் வரும்.”

“சலவை எங்க?”

“ராஜபாளையத்துலதான். ரெண்டு ஊருக்கும் ஒரே எடம். ஒங்களுக்குத் தெரியாதா?” என்றவர் என் முகத்தைப் பார்த்து, “தண்ணி குடிக்கியளா சார்?” என்றார்.

அதே வேனில் மூட்டைகளோடு உட்கார்ந்து ராஜபாளையம் போனேன். லாட்ஜின் பின்புறம் தொட்டிகளும் கொடிகளுமாகச் சலவைக் களம். சமுத்திரம் என்பவர் மூட்டைகளைப் பிரித்து உதறிக்கொண்டிருந்தார். உதறும்போது என்னென்னவோ விழுந்தன. ஒரு சீப்பு, ஒரு பேனா மூடி, யாருடையதோ மூக்குக்கண்ணாடி.

“இதெல்லாம் என்ன செய்வீங்க?”

“வில்லையில என்ன நம்பரோ, அந்த நம்பர்ப் பொந்துல போட்டுட்டு வந்துருவேன். ஒரு குண்டூசி எடுத்ததில்ல சார் நான்.”

“வில்லையில ஊரு போட்டிருக்குமா?”

“ஊரு எதுக்கு? விரிப்புக்கு ஊரு உண்டா? எல்லாம் ஒரே வெள்ளதான.”

 தொட்டிக் கட்டையில் உட்கார்ந்தேன். ஞானராஜ் வாங்கினார், தள்ளினார். தந்தி கதவுக்கு அடியில் வழுக்கி வந்து, வெள்ளை விரிப்பின்மேல் நின்றது. சுடலையம்மாள் மூலைகளைச் சேர்த்தார். சமுத்திரம் உதறினார், பதினாலு என்று இருந்தது, பதினாலில் போட்டார். வைகுண்டராஜ் எனக்காகப் பத்திரமாக வைத்திருந்தார். ஒருவரும் பொய் சொல்லவில்லை. ஒருவரும் வேலையைத் தவறாகச் செய்யவில்லை. விரிப்பைக் கதவடியில் போட்டுவிட்டு, சாவியைப் பையில் வைத்துக்கொண்டு போனவன் நான்.

ஒரு தடவை பார்த்ததை நம்பக் கூடாது என்பதும் தொழில் பழக்கம். அடுத்தடுத்த மூன்று புதன்கிழமைகளில் விரிப்பைக் கதவடியில் அப்படியே விட்டு, தந்தி அளவுக்கு ஒரு காகிதத்தை மடித்து, வெளியே நின்று கதவுக்கு அடியில் தள்ளிவிட்டு மில்லுக்குப் போனேன். மூன்று தடவையும் அது ராஜபாளையத்துப் பதினாலாம் பொந்தில் இருந்தது. அதில் ஒரு தடவை சோப்பு நீரில் நனைந்திருந்தது.

மூன்றாவது காகிதத்தை எடுத்துக்கொண்டு ஞானராஜிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். “ரெண்டு வருஷமா ஒங்கள மொகம் பாத்துப் பேசல. மன்னிச்சிருங்க” என்றேன்.

அவர் ரிஜிஸ்டரை மூடினார். “நானும் அத விடல சார். ஒருவேளை தள்ளவே இல்லியோ, தள்ளுனதா நெனச்சுக்கிட்டேனோன்னு எனக்கே சந்தேகம் வந்துருச்சு. வீட்ல எம்பொஞ்சாதி ஏசம்மாகிட்டகூட கேட்டிருக்கேன், நான் பொய் சொல்றவனா சொல்லுட்டின்னு.” என் கையிலிருந்த காகிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, “அன்னைக்கி இன்னொரு தடவ தட்டியிருக்கலாம்” என்றார்.

வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போனேன். நூர்னிசாவிடம் ஒரு காகிதத்தில் படம் போட்டுக் காட்டினேன். இது கதவு, இது கட்டில், இது விரிப்பு, இது வேன்.  கடைசியில் படத்தில் விரிப்பின்மேல் விரலை வைத்தாள்.

“இத விரிச்சது யாரு?”

“நான்தான். சுபுஹ் தொழுதுட்டு எடுக்காம விட்டுட்டேன்.”

“எத்தன மணிக்குத் தொழுதிய?”

“அஞ்சே கால் இருக்கும்.”

நேரத்தைச் சொன்ன பிறகுதான் எதற்குக் கேட்டாள் என்று எனக்குப் புரிந்தது. அந்த நேரத்தில்தான் மாஜிதாவுக்கு மூச்சு நின்றது. நூர்னிசா விரலை எடுக்கவில்லை.

“என்ன துஆ கேட்டிய?”

“எப்பவும் கேக்குறதுதான். புள்ளய நல்லா வையின்னு.”

அவள் எழுந்து போய் என் பையிலிருந்து அந்தத் தந்தியை எடுத்து வந்தாள். இரண்டு வருஷத்தில் உறை மஞ்சளாகிவிட்டிருந்தது. ஓரத்தைத் தானே கிழித்து, உள்ளே இருந்ததை என்னிடம் நீட்டினாள். “படிங்க.”

படித்தேன். மாஜிதா இறந்துவிட்டாள். உடனே புறப்படவும். அதற்கப்புறம் இருந்த ஒரே ஒரு வார்த்தையை அவள் தொட்டுக் காட்டினாள்.

“அது என்ன?”

“காத்திருக்கோம்னு போட்டிருக்கு.”

“ஆமா” என்றாள். “அஸர் வரைக்கும் வச்சிருந்தோம். வாசல்ல பஸ் சத்தம் கேட்டா அண்ணன் எந்திரிச்சு எந்திரிச்சுப் பாத்தாவ.” பிறகு முதல் தடவையாக எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். என்னை நம்பினாளா, மன்னித்தாளா என்று நான் கேட்கவில்லை. நம்பினாள் என்றே நினைக்கிறேன். மற்றதைப் பற்றி இன்று வரை எங்களுக்குள் பேச்சில்லை. திங்கட்கிழமை நான் கிளம்பும்போது, பையில் என் சட்டைகளுக்கு மேல் ஒரு தொழுகை விரிப்பை மடித்து வைத்திருந்தாள். கரும்பச்சை.

அதன்பின் ஞானராஜும் நானும் முதலாளியைப் பார்த்து மூன்று மாற்றங்கள் கேட்டோம். செய்து கொடுத்தார். 1995 வரை அந்த ஐந்து லாட்ஜிலும் நான் தங்கினேன். அதற்குள் தெருவுக்குத் தெரு டெலிபோன் பூத் வந்துவிட்டது, தந்தி குறைந்துவிட்டது. ஆனாலும் அவற்றைக் கைவிடவில்லை. ஏற்பாடு இதுதான். கவுண்டரில் ஆள் இல்லாத நேரத்தில் சாவியைப் போட, பலகைக்குக் கீழே வாய் திறந்த மரப்பெட்டி ஒன்று. சலவை வில்லையில் நம்பருக்கு முன்னால் ஊரின் முதல் எழுத்து. தந்தி வந்தால் கதவுக்கு அடியில் தள்ளுவதில்லை. தங்கியிருப்பவர் போன இடத்தை ரிஜிஸ்டரில் பார்த்து, சைக்கிளில் ஆள் போய்க் கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்கி வர வேண்டும். என் பங்குக்கு, போகும் மில்லின் பெயரைத் தினமும் ரிஜிஸ்டரில் எழுதுவேன். தொழுது முடித்ததும் பச்சை விரிப்பைச் சுருட்டிப் பையில் வைப்பேன். கதவைப் பூட்டும் முன், கதவடியில் வெறும் தரைதான் இருக்கிறதா என்று ஒரு தடவை குனிந்து பார்ப்பேன்.